பாயான் லெப்பாஸ் வேலையை விட்டு வானியலுக்கு வரலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 26. நிபோங் தெபாலில் யூஎஸ்எம் வளாகத்தில் மின்னணுப் பொறியியல் படித்தேன். மூன்று ஆண்டுகளாகப் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியராக வேலை செய்கிறேன். பழைய எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கி, கெட்டுப்போயிருந்த மோட்டாரைத் தூக்கிப்போட்டுவிட்டு, வானத்தின் நகர்வைத் தொடர்ந்து போகும்படி நானே ஒரு மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பலகையும் செய்தேன். கேமராவுக்குக் குளிர்விப்பானும் வைத்தேன். இப்போது ஆராய்ச்சி வானியலாளராக வேண்டும் என்ற எண்ணம் தீவிரமாகிவிட்டது. மறுபடி இயற்பியல் பட்டம் படிக்க வேண்டுமா? வயது தாண்டிவிட்டதா? மலேசியாவில் இருந்துகொண்டே முடியுமா? அப்பா இல்லை, பட்டர்வொர்த்தில் அம்மாவோடு இருக்கிறேன்; அக்கா ஈப்போவில். "நட்சத்திரம் எண்ணினால் கார் தவணை யார் கட்டுவது?" என்று மச்சான் கேட்கிறார். அடுத்த மாதம் ராஜினாமா கொடுக்கலாம் என்றிருக்கிறேன். (கடிதம் சுருக்கப்பட்டது.)

பதில்:

வணக்கம் தம்பி. மேலே இருப்பது உங்கள் கடிதத்தின் கால்வாசிதான். முழுக் கடிதத்தில் அந்த மோட்டாருக்கு மட்டும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருந்தீர்கள். கியரில் இருந்த ஆட்டத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எந்தப் பல்லில் பிழை வந்தது, கேமராவைக் குளிர வைத்ததும் படத்தில் புள்ளிகள் எவ்வளவு குறைந்தன, எல்லாம் வரைபடத்தோடு இருந்தது. அந்தத் தொலைநோக்கியில் என்ன பார்த்தீர்கள் என்று தேடினேன். "சனியின் வளையம் நன்றாகத் தெரிந்தது" என்று ஒரே வரி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் சொல்லப்போவது முழுக்க இந்த ஒரு பக்கத்துக்கும் ஒரு வரிக்கும் இடையே இருக்கும் வித்தியாசத்தைப் பற்றித்தான்.

அதற்கு முன் அவசரமான இரண்டு பதில்கள். அடுத்த மாதம் ராஜினாமா வேண்டாம். இயற்பியலில் இன்னொரு இளங்கலைப் பட்டத்துக்கும் பணம் கட்ட வேண்டாம்.

சரி, இந்தத் தொழில் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். வழக்கமான பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன், இயற்பியல் பட்டம், முதுகலை, முனைவர் பட்டம். நம் ஊரில் மலாயா பல்கலைக்கழகம், பாங்கியில் யூகேஎம், பினாங்கில் யூஎஸ்எம் ஆகிய இடங்களில் இயற்பியல் படிக்கலாம். மலேசியாவின் முதல் வானியற்பியலாளர் மஸ்லான் ஒத்மான் படித்த காலத்தில் இங்கே வானியற்பியல் பாடமே இல்லை. அவர் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் படித்து 1981-இல் முனைவர் பட்டம் வாங்கினார். திரும்பி வந்து யூகேஎம்மில் வானியற்பியல் பாடத்தை உருவாக்கினார். கோலாலம்பூர் ஏரித் தோட்டத்துக்குப் பக்கத்தில் நீலக் குவிமாடத்தோடு நிற்கிறதே தேசியக் கோளரங்கம், 1994-இல் திறந்தது, அது எழுந்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு. பிறகு ஐநாவின் விண்வெளி அலுவலகத்துக்கே இயக்குநராகப் போனார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேசும்போது அவரைத்தான் உதாரணம் காட்டுவேன். உங்களுக்கு அந்த உதாரணம் அவ்வளவாகப் பொருந்தாது. அவர் போட்ட பாதையில் இப்போது பெரிய வரிசை நிற்கிறது.

முனைவர் பட்டம் வாங்கியதும் வேலை கிடைத்துவிடும் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் கடினமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது. முனைவருக்குப் பிந்தைய ஆய்வாளர் என்று ஒரு வேலை. எங்கள் வட்டத்தில் 'போஸ்ட்டாக்' என்றால்தான் புரியும். இரண்டு அல்லது மூன்று வருட ஒப்பந்தம். முடிந்ததும் வேறு ஊர், பெரும்பாலும் வேறு நாடு. இப்படி இரண்டு மூன்று முறை மாறிய பிறகுதான் நிரந்தர வேலைக்கு உங்கள் விண்ணப்பத்தை எடுத்துப் பார்ப்பார்கள். நான் ஜெர்மனியில் ஒரு ஒப்பந்தம், தைவானில் ஒரு ஒப்பந்தம் முடித்துவிட்டுத்தான் கோலாலம்பூருக்கு விரிவுரையாளராக வந்தேன். ஒப்பந்தத்தின் இரண்டாம் வருடம் பிறக்கும்போதே அடுத்த வேலைக்கு எழுத ஆரம்பித்துவிட வேண்டும். வீட்டுக்கு நல்ல மேசை வாங்கலாமா என்று யோசிக்கக்கூடத் தயக்கமாக இருக்கும்.

தினசரி வேலை என்ன தெரியுமா? கணினி. காலையில் முந்தைய நாள் ஓடவிட்ட நிரல் எந்த வரியில் நின்றது என்று பார்ப்பது. அர்ஸைவ் தளத்தில் அன்று வந்த புதிய கட்டுரைகளை மேய்வது. மாணவர்களின் எழுத்தைத் திருத்துவது. அப்புறம் விண்ணப்பம், விண்ணப்பம், விண்ணப்பம்! தொலைநோக்கி நேரத்துக்கு ஒன்று, ஆய்வு நிதிக்கு ஒன்று, அடுத்த வேலைக்கு ஒன்று. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நான்காம் சுற்றுக்கு 2,377 விண்ணப்பங்கள் வந்தன. அவை எல்லாம் சேர்ந்து கேட்டது ஏறக்குறைய 78,000 மணி நேரம்; இருந்த நேரத்தைப்போல் ஒன்பது மடங்கு. நன்றாக எழுதியவர்களும் பெரும்பாலும் தோற்கிறார்கள் என்று பொருள். ஒரு நல்ல செய்தியும் உண்டு: வெப், ஹபிள் இரண்டிலுமே விண்ணப்பித்தவர் பெயரை மதிப்பீட்டாளர்களுக்குக் காட்டுவதில்லை. ஹார்வர்டா பினாங்கா என்று அவர்களுக்குத் தெரியாது. கேள்வி கூர்மையாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

கேள்வி என்று சொன்னேன். ஆராய்ச்சி வானியலாளர் பிழைப்பது அதில்தான். ஒரு கூட்டத்து நட்சத்திரங்களில் இது மட்டும் ஏன் இவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, இந்த விண்மீன் மண்டலம் ஏன் புதிய நட்சத்திரங்களைப் பெறுவதை நிறுத்திவிட்டது என்று ஏதாவது ஒன்று வருடக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு கேள்வியை நான் பார்க்கவில்லை. ஆனால் ஒரு கியர் பல்லின் பிழையைத் தேடி உங்கள் இரவுகள் போயிருக்கின்றன. வானியலுக்கு இரண்டு வகை ஆட்களும் தேவை. இரண்டாவது வகைக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

உங்களைப் போன்ற இன்ஜினியர்கள் இந்தத் துறையில் என்ன செய்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் கேளுங்கள். கார்ல் ஜான்ஸ்கி அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் ரேடியோ இன்ஜினியர். கடல் கடந்த தொலைபேசியில் கேட்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. இடி மின்னலால் வரும் இரைச்சலைத் தனியே பிரித்தார். அதற்குப் பிறகும் 'உஸ்ஸ்' என்று மெல்லிய ஓசை ஒன்று மிச்சம் இருந்தது. அது 24 மணி நேரத்துக்கு ஒரு முறை உச்சத்துக்கு வந்திருந்தால் சூரியன்மேல் பழியைப் போட்டிருக்கலாம். 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை வந்தது. நட்சத்திரங்கள் அதே இடத்துக்குத் திரும்பி வர எடுக்கும் நேரம் அது. பால்வீதியிலிருந்து ரேடியோ அலைகள் வருகின்றன என்று 1933-இல் அறிவித்தார். டெஸ்ட் இன்ஜினியரான உங்களுக்கு அந்த நான்கு நிமிட வித்தியாசத்தின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. அவரைத் தொடர்ந்து 1937-இல் க்ரோட் ரீபர், அவரும் ரேடியோ இன்ஜினியர்தான், சொந்தக் காசில் வீட்டுக் கொல்லையிலேயே 9 மீட்டருக்கு மேல் அகலமுள்ள டிஷ் ஒன்றைக் கட்டினார். சில வருடங்களுக்கு உலகத்தில் ரேடியோ வானியல் செய்தவர் ஏறக்குறைய அவர் ஒருவர்தான்.

நம்மவர்கள் இந்தியாவுக்குச் சுற்றுலா போனால் ஊட்டிக்கு நிச்சயம் போவார்கள். தாவரவியல் பூங்கா, படகு வீடு, சாக்லேட், திரும்பி வந்துவிடுவார்கள். பக்கத்திலேயே முத்தொரையில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் படுத்திருக்கிறது. 1970-இல் முடித்தார்கள். அந்தச் சரிவு ஏறக்குறைய 11 டிகிரி, அந்த ஊரின் அட்சரேகையும் ஏறக்குறைய 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக வந்துவிட்டது. அந்த ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு மூலத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். நீங்கள் மோட்டார் வைத்துச் செய்ததை அவர்கள் மலையை வைத்துச் செய்துவிட்டார்கள்! அதைத் திட்டமிட்ட கோவிந்த் ஸ்வரூப் இயற்பியல் படித்துவிட்டு, ஸ்டான்ஃபோர்டில் மின்பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

இன்றைக்கும் அப்படித்தான். சிலியில் ரூபின் ஆய்வகத்தின் கேமராவில் 189 சிலிக்கன் சென்சார்கள், மொத்தம் 3,200 மெகாபிக்சல். இரைச்சல் குறைய அவற்றைப் பூஜ்யத்துக்குக் கீழே 100 டிகிரி அளவில் வைத்திருக்கிறார்கள். சிலிக்கனில் ஆறேழு டிகிரி குறையும்போதெல்லாம், வெளிச்சமே விழாதபோதும் சென்சாரில் ஓடும் இருட்டு மின்னோட்டம் பாதியாகும் என்பதை உங்கள் வரைபடமே காட்டுகிறது. அதே விதிதான் அங்கேயும். ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்தில் எஸ்கேஏ என்ற மாபெரும் ரேடியோ தொலைநோக்கித் திட்டத்துக்கு 1,31,072 சிறு ஆன்டெனாக்கள் நடுகிறார்கள். இன்னொரு பகுதி தென்னாப்பிரிக்காவில், 197 டிஷ்கள். இத்தனையிலிருந்தும் வரும் சிக்னலை யார் சோதிப்பது, எது கெட்டுப்போனது என்று யார் கண்டுபிடிப்பது? பாயான் லெப்பாஸில் மூன்று ஷிப்ட் ஓடும் வரிசையில் ஆயிரக்கணக்கான சிப்பில் கெட்டது எது என்று தேடிப் பழகியவருக்கு இது அந்நியமான வேலையா?

ஆகவே என் யோசனை: வானியலுக்கு வாருங்கள், கருவி வழியாக வாருங்கள். அதிலும் ரேடியோ வழி. மலேசியாவில் இருந்து தொடங்குகிறவருக்கு அதில் கூடுதல் நியாயம் இருக்கிறது. நம் ஊர் வானத்தைப் பற்றி உங்களுக்கே தெரியும். வருடம் முழுக்க மேகம், மழை, ஈரம், சில மாதங்களில் புகைமூட்டம், போதாததற்கு பினாங்குப் பாலத்தின் இரு பக்கமும் விளக்கு. லங்காவியில் அரை மீட்டர் தொலைநோக்கியோடு தேசிய ஆய்வகம் ஒன்று இருக்கிறது. ஆனால் நல்ல இரவுகளை நம்பி ஒரு ஆய்வறிக்கையைக் கட்டுவது இங்கே சூதாட்டம்தான். ரேடியோ அலைக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. பகலிலும் வேலை நடக்கும். மலாயா பல்கலைக்கழகத்தில் ரேடியோ வானியல் செய்யும் குழு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ராஜினாமாக் கடிதத்துக்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். ஹைட்ரஜன் அணு 1420.4 மெகாஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய அலையை வெளியிடுகிறது, நீளம் 21 சென்டிமீட்டர். பால்வீதி முழுக்க அந்த வாயு பரவிக் கிடக்கிறது. 1944-இல் இது தெரியவரும் என்று கணித்தார்கள். 1951-இல் ஹார்வர்டில் ஈவன் என்ற ஆய்வு மாணவரும் அவர் பேராசிரியர் பர்செலும் முதலில் பிடித்தார்கள். எதை வைத்து? ஒட்டுப்பலகையில் செம்புத் தகடு ஒட்டிச் செய்த ஒரு கொம்பு ஆன்டெனா. அதை ஆய்வக ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்திருந்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் அதன் வழியாக அறைக்குள் வரும், மாணவர்கள் அதற்குள் பனி உருண்டை எறிந்து விளையாடுவார்களாம். அதே கருவியை இன்று பட்டர்வொர்த்தில் செய்ய முடியும். பெயின்ட் கடையில் தின்னர் வாங்கும் ஒரு கேலன் செவ்வக டின்; அதற்குள் கால் அலை நீளம், அதாவது ஏறக்குறைய 5 சென்டிமீட்டருக்கு ஒரு செம்புக் கம்பி; டின்னின் வாயிலிருந்து விரியும்படி அலுமினியத் தாள் ஒட்டிய அட்டையில் ஒரு கொம்பு. 1420 மெகாஹெர்ட்ஸுக்கென்றே வடிகட்டியோடு சேர்த்து விற்கிற குறைந்த இரைச்சல் ஆம்ப்ளிஃபயரும், கணினியில் சொருகும் எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) ரிசீவரும் இணையக் கடைகளில் கிடைக்கும். மொத்தச் செலவு உங்கள் தொலைநோக்கிக்குக் கொடுத்ததைவிட நிச்சயம் குறைவு.

கொம்பை நேராக மேலே பார்த்து வைத்துவிட்டு விட்டுவிடுங்கள், மோட்டாரே வேண்டாம். பினாங்கு வட அட்சரேகை 5 டிகிரியை ஒட்டி இருப்பதால், பூமி சுழலும்போது பால்வீதியின் தளம் ஒரு நாளைக்கு இரண்டு முறை உங்கள் தலைக்கு நேர் மேலே கடந்து போகும்: ஒரு முறை கழுகு விண்மீன் குழு பக்கம், இன்னொரு முறை ஓரியனுக்குக் கொஞ்சம் கிழக்கே. அந்த இரண்டு நேரத்திலும் நிறமாலையில், அதாவது எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் வரைபடத்தில், மேடு எழ வேண்டும், நடுவில் தணிய வேண்டும். எழுந்தால், அந்த மேடு 1420.4-இலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பாருங்கள். வாயு நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்று அது சொல்லும். எழவில்லை என்றால் இன்னும் நல்லது. ஏன் எழவில்லை என்று தேடுங்கள். பக்கத்து வீட்டு வைஃபை மோடமா, ஆம்ப்ளிஃபயரின் மின்சாரமா, டின்னுக்குள் கம்பியின் நீளமா என்று.

மூன்று நான்கு மாதம் வேலை முடிந்து வந்து, சனி ஞாயிறு, ஷிப்ட் இல்லாத பகல் என்று இதில் உட்காருங்கள். அப்போது உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனியுங்கள். "இரைச்சலை இன்னும் பாதியாகக் குறைக்கலாமே" என்று தோன்றினால் நீங்கள் கருவி ஆள். "இந்த மேடு ஏன் இரண்டாகப் பிரிகிறது, அங்கே அந்த வாயு என்ன செய்கிறது" என்று தூக்கம் கெட்டால், நான் உங்களைத் தவறாகக் கணித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயற்பியல் பக்கம் ஆழமாக இறங்குங்கள். இரண்டும் தோன்றாமல் கொம்பு மூலையில் கிடந்தால் வேலையைத் தொடருங்கள், தொலைநோக்கி ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருக்கட்டும். அதிலும் ஒரு குறைவும் இல்லை.

அடுத்த படி, உள்ளூரில் ஆய்வு வழி முதுகலை. பாடம் கேட்கும் முதுகலை வேண்டாம், ஆய்வறிக்கை எழுதும் முதுகலை. அரசுப் பல்கலைக்கழகங்களில் பகுதி நேரமாகச் செய்யலாம், சம்பளம் நிற்காது. இதை நான் சொல்வதற்குப் பட்டம் முக்கியக் காரணம் இல்லை. வெளிநாட்டில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்தால் பொதுவாக மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். "இவர் நேரத்துக்கு வருவார், ஓவர்டைம் தட்டமாட்டார்" என்று உங்கள் மேனேஜர் எழுதும் கடிதம் அங்கே செல்லாது. விடை தெரியாத ஒரு பிரச்சினையை இவரிடம் கொடுத்தேன், இப்படி நகர்த்தினார் என்று எழுத ஒரு ஆய்வாளர் வேண்டும். வேலை அனுபவத்தோடு வருகிற திறமைசாலிகள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். முதுகலைக்குள் ஒரு சிறிய கட்டுரையில் உங்கள் பெயர் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மறுபடி இயற்பியல் பட்டம் வேண்டாம் என்றேன், இயற்பியலே வேண்டாம் என்று சொல்லவில்லை. மின்காந்தவியலும் ஃபூரியர் கணிதமும் உங்களுக்கு ஏற்கெனவே கைவசம். குவாண்டம் இயற்பியல், வெப்ப இயற்பியல், ஒளிக்கதிர் வாயுவுக்குள் எப்படிப் போய் வருகிறது என்கிற கணக்கு, இவை மூன்றும் ஒழுங்காகத் தெரிய வேண்டும். பைத்தான் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள். நாடு தேர்ந்தெடுக்கும்போதும் இதை மனத்தில் வையுங்கள். அமெரிக்காவில் முனைவர் படிப்பு ஐந்து ஆறு வருடம், அதில் முதல் ஒன்றிரண்டு வருடம் வகுப்புகள், பொறியியலில் இருந்து வருகிறவர் விட்ட பாடத்தை அங்கே பிடித்துவிடலாம். ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் மூன்று நான்கு வருடம்தான், முதல் நாளே ஆய்வில் இறக்கிவிடுவார்கள். எங்கே போனாலும் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: கட்டணத்தையும் கொடுத்து மாதப் படியும் கொடுக்கிற இடமாக இருக்க வேண்டும். சொந்தப் பணத்தில், அதுவும் கடன் வாங்கி, வானியலில் முனைவர் பட்டம் வாங்கப் போகிறேன் என்றால் நான் மச்சான் கட்சிக்குப் போய்விடுவேன்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். முதுகலை முடியும்போது 29, முனைவர் பட்டம் 33 முதல் 35-க்குள், நிரந்தர வேலை கிடைத்தால் 40-ஐ ஒட்டி. போஸ்ட்டாக் உதவித்தொகைகள் பலவற்றில் பிறந்த வருடத்தைப் பார்ப்பதில்லை. முனைவர் பட்டம் வாங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்றுதான் பார்ப்பார்கள். அதனால் துறை உங்களைக் கிழவன் என்று ஒதுக்காது. ஆனால் நீங்கள் வெளிநாட்டில் இருக்கும் காலம் முழுக்க இபிஎஃப் கணக்கில் ஒன்றும் ஏறாது என்பதையும், உங்களோடு படித்தவர்கள் அதற்குள் வீடு வாங்கிப் பாதிக் கடன் கட்டியிருப்பார்கள் என்பதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

முனைவர் பட்டமே இல்லாமலும் ஒரு வாசல் இருக்கிறது. பெரிய ஆய்வகங்கள் எல்லாம் இன்ஜினியர்களை வேலைக்கு எடுக்கின்றன: ரிசீவர் பராமரிப்பு, சிக்னல் சோதனை, கட்டுப்பாட்டு மென்பொருள் என்று. அமெரிக்க வானியல் சங்கத்தின் வேலைப் பட்டியலை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இன்று ராத்திரியே உட்கார்ந்து பொறியியல் வேலைகளைத் தேடிப் படியுங்கள், அவர்கள் கேட்கும் தகுதியில் எத்தனை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று டிக் போடுங்கள். இன்னும் பக்கத்தில், தாய்லாந்தின் தேசிய வானியல் ஆய்வு நிறுவனம் நாரிட் சியாங்மாயில் இருக்கிறது. டோய் இந்தானோன் மலையில் 2.4 மீட்டர் தொலைநோக்கி, சியாங்மாய் மாநிலத்திலேயே வேறோர் இடத்தில் 40 மீட்டர் ரேடியோ டிஷ். நம்மைப் போலவே மழையும் மேகமும் உள்ள நாடுதான், எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கவே ஒரு முறை போய் வாருங்கள். இங்கே கோலாலம்பூரில் நிரந்தர வேலை என்றால் பெரும்பாலும் விரிவுரையாளர் வேலைதான். முதல் வருட மாணவர்களுக்கு இயக்கவியல் எடுத்துவிட்டு, கூட்டங்களுக்குப் போய்விட்டு, மிச்ச நேரத்தில் ஆய்வு. எனக்கு அது பிடித்திருக்கிறது. உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரியாது. அந்த இடங்களும் எப்போதாவதுதான் காலியாகும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு என்னிடம் தொழில்முறைப் பதில் கிடையாது. பெரும்பாலான நாடுகளில் மாணவர் விசாவில் மனைவி, பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். பெற்றோரைக் கூட்டிப் போக வழியில்லை. முனைவர் படிப்பின் மாதப் படியில் ஒருவர் சிக்கனமாக இருக்கலாம், இரண்டு வீடு நடத்த முடியாது. அதனால் அக்காவோடும் மச்சானோடும் உட்கார்ந்து, நீங்கள் இல்லாத நாலைந்து வருடம் அம்மா யாரோடு, எந்த ஊரில், யார் செலவில் என்று வெளிப்படையாகப் பேசுங்கள். கார் தவணையைப் பற்றி மச்சான் கேட்டது நியாயமான கேள்விதான். அவரைக் கிண்டல் செய்து ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள், அதை நான் வெளியிடவில்லை. பகுதி நேர முதுகலை ஓடும் காலத்தில் கார் கடனையும் பிடிபிடிஎன் கல்விக் கடனையும் எவ்வளவு குறைக்க முடியுமோ குறைத்துவிடுங்கள். மேற்படிப்புக் காலத்தில் தவணையைத் தள்ளிப்போட இடமுண்டா என்று பிடிபிடிஎன் அலுவலகத்திலேயே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தின்னர் டின்னையும் அலுமினியத் தாளையும் வீட்டுக்குள் கொண்டுவரும்போது எப்படியும் கேட்பார், அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் எழுதும் விஷயம். எனக்கு வரும் மின்னஞ்சல்களில் பாதி "சிறு வயது முதல் வானத்தின் மேல் காதல்" என்று தொடங்குகின்றன. நான் இரண்டாவது வரிக்குப் போவதே அபூர்வம். நீங்கள் இப்படி எழுதுங்கள்: நான் ஒரு டெஸ்ட் இன்ஜினியர், 21 சென்டிமீட்டருக்கு ஒரு கொம்பு ஆன்டெனா செய்தேன், இதோ இத்தனை நாள் எடுத்த நிறமாலை, இந்த இடத்தில் ஒரு பிசிறு வருகிறது, இன்ன இன்ன சோதனை செய்தும் போகவில்லை, உங்கள் குழுவில் இதுபோன்ற பிரச்சினையில் பகுதி நேரமாக வேலை செய்ய முடியுமா? ஒரு படம் இணையுங்கள். படம் மழுங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அச்சுகளில் அலகு எழுத மறக்காதீர்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் இன்னொரு முறை எழுதுங்கள்; விரிவுரையாளர்கள் மின்னஞ்சலைத் தொலைப்பதில் கெட்டிக்காரர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு முனைவர் விண்ணப்பக் கெடு டிசம்பர் வாக்கில் வரும், வகுப்பு அடுத்த ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில். அதிலிருந்து பின்னோக்கி எண்ணி முதுகலைக்குப் பதிவு செய்யும் மாதத்தை முடிவு செய்யுங்கள்.